சேலத்து இரும்பும் ஹீத்தும்

சேலம் நகருக்கு வடக்கே ஏற்காட்டைத் தாங்கி நிற்பது சேர்வராயன் மலை. தென்மேற்கே உள்ளது கஞ்சமலை. சேர்வராயன் மலையடிவாரத்தில் வெள்ளைக்கல்லும் குரோமியத் தாதும், கஞ்சமலையில் காந்த இரும்புத் தாதும் செறிந்துள்ளன. இவ்வளத்தைப் பெருந்தொழிலாக்க முனைந்து, அதற்கே தம் வாழ்வை ஈடாக்கியவர் ஜோசையா மார்ஷல் ஹீத்.

கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னை மாகாணப் பணியில் இருந்த ஹீத், சேலத்தில் வணிக அதிகாரியாகப் பொறுப்பு வகித்தார். அப்பகுதிச் சிற்றூர்களில் சிறு மண் உலைகளில் இரும்பு உருக்கப்பட்டது. இரும்புத் துண்டுகளை ஆவாரம் விறகுடன் மண்மூசையில் இட்டு, எருக்கிலையால் மூடி, எஃகாக்கும் முறையும் வழக்கில் இருந்தது. ஹீத் அதனைக் கூர்ந்து கவனித்துப் பதிவு செய்தார். ஆயினும், அதைக் கற்பித்த கைகளுக்கு உரியோரின் பெயர்கள் நிலைக்கவில்லை.

கும்பினி அளித்த கடனுதவியுடன் 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை எழுந்தது. சேலத்துத் தாது காவிரி, கொள்ளிடம் வழியாகப் பரிசல்களில் சென்றது. ஆற்றில் நீர் வற்றினால் போக்குவரத்து தடைப்பட்டது. நிலக்கரி இல்லாமையால் உலைகள் மரக்கரியை நம்பின; அருகிலிருந்த காடுகள் குறையக் குறையச் செலவு பெருகியது; கடனும் வளர்ந்தது.

இங்கிலாந்து திரும்பிய ஹீத், எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்த்தால் அதன் தரம் உயர்வதைக் கண்டு, 1839இல் காப்புரிமை பெற்றார். இதனால் உள்நாட்டு இரும்பிலிருந்தும் நல்ல எஃகு செய்ய முடிந்தது. ஷெஃபீல்டு ஆலைகள் செய்முறையைச் சிறிது மாற்றி, அவருக்கு உரிமைத்தொகை தராமலே அதனைப் பயன்படுத்தின. நீண்ட வழக்குகளில் பொருளை இழந்த ஹீத் 1851இல் மறைந்தார். 1855இல் வந்த இறுதித் தீர்ப்பும் அவர் தரப்புக்கு எதிராகவே அமைந்தது.

மாங்கனீசின் பயன் அவரோடு மறையவில்லை. பெசமர் முறையில் எஃகு செய்வதற்கும் அது இன்றியமையாததாயிற்று. அம்முறையைக் கொண்டே ஆண்ட்ரூ கார்னகியின் ஆலை 1875 முதல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் அருகே தண்டவாளங்களைத் தயாரித்தது. அங்கு நிலக்கரி அருகிலேயே கிடைத்தது. தொலைவிலிருந்த தாதை ஏரிக் கப்பல்களும் இருப்புப்பாதைகளும் கொண்டுவந்தன. சேலத்தில் தாதும் இருந்தது, தொழிலறிவும் இருந்தது. எரிபொருளும் போக்குவரத்தும் வாய்க்காமையால் பரங்கிப்பேட்டை உலைகள் அணைந்தன. மண்ணின் வளம் மட்டுமே ஒரு நாட்டைத் தொழில்வள நாடாக்கிவிடாது என்பதை ஹீத்தின் வாழ்வு உணர்த்துகிறது.