விண்மீன் ஒளிக்கு அளவுகோல் தந்த போக்சன்

நிலவில்லா இரவில் நாமக்கல் சமவெளியின் வயல்வரப்பில் நின்று நோக்கினால், கொல்லிமலைக்கு மேலே எண்ணற்ற விண்மீன்கள் ஒளிரக் காண்கிறோம். எது மிகப் பொலிவுடையது என்பதைக் கண் சொல்லிவிடும். எத்தனை மடங்கு என்று வினவினால் திகைத்து நிற்கும். அவ்வினாவிற்கு எண்ணால் விடை தந்தவர் நார்மன் ராபர்ட் போக்சன். முப்பதாண்டுக் காலம் சென்னையில் உழைத்து, அங்கேயே மறைந்த அப்பெருமகனாரின் வாழ்வை மாணவர்கள் அறிதல் வேண்டும் என்னும் விழைவால் இதனை வரைகின்றோம்.

இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் 1829 மார்ச் 23 அன்று போக்சன் பிறந்தார். 1852இல் ஆக்சுபோர்டிலுள்ள ராட்கிளிஃப் வானாய்வகத்தில் உதவியாளராக அமர்ந்தார். ஐசிஸ் என்னும் குறுங்கோளை அவர் கண்டறிந்ததும், அளவுகோலை முன்மொழிந்ததும் 1856ஆம் ஆண்டிலேயாகும்.

கிரேக்கர்கள் விண்மீன்களை ஆறு தரங்களாகப் பகுத்திருந்தனர். பத்தாம் நூற்றாண்டில் பாரசீக அறிஞர் அப்துர் ரஹ்மான் அல்-சூஃபி, தாலமியின் பட்டியலை மீண்டும் வானோடு ஒப்பிட்டுப் பொலிவுகளைத் திருத்தினார். எனினும் கண்ணின் மதிப்பீடே அளவாக நின்றது. முதல் தரத்திற்கும் ஆறாம் தரத்திற்கும் உள்ள ஐந்து படிகளும் சேர்ந்து 100 மடங்கு எனக் கொண்டால், ஒரு படிக்கு ஏறத்தாழ 2.512 மடங்கு ஆகும் என்றார் போக்சன். அவ்வெண்ணின் மடக்கை 0.4 ஆதலின் கணக்கும் எளிதாயிற்று.

1861இல் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டே இங்கு அவர் கண்ட குறுங்கோள், ஆசியக் கண்டத்திலிருந்து முதன்முதலாகக் கண்டறியப்பட்டதாதலின் ஏசியா எனப் பெயர் பெற்றது. அவர்தம் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் பொலிவு மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்து புகழ் கொண்டார். 1868இல் மசூலிப்பட்டினத்திலும், 1871 டிசம்பர் 12 அன்று நமக்கு மேற்கே அவிநாசியிலும் முழுச் சூரிய மறைப்பைப் போக்சன் ஆராய்ந்தார். மகளார் ஐசிஸ் 1873 முதல் ஆய்வகப் பணியில் தோள் கொடுத்தார்.

1891 ஜூன் 23 அன்று அவர் சென்னையில் உயிர் நீத்தபோது, பல்லாண்டு இரவுகளின் அளவீடுகளுள் பெரும்பகுதி அச்சேறாமலே கிடந்தது. பின்வந்தோர் அவற்றைத் தொகுத்து வெளியிட்டனர். பொலிவு மாறும் விண்மீன்களைப் பற்றிய அவர்தம் குறிப்புகள் 1908இல்தான் நூலாயின. உழைத்தவர் கண்ணால் காணாத பயனைப் பின்வந்தோர் துய்த்தனர்.

அளவுகோல் ஒன்றாயினும் அளக்கும் கருவிகள் பலவாயின. ஊருக்கு ஊர் வள்ளமும் படியும் வேறுபட்ட காலத்தை நம் பெரியோர் அறிவர், அதுபோன்றதே இந்நிலை. 1953இல் ஜான்சனும் மார்கனும் வகுத்த வண்ண வடிகட்டிகள் ஒருவகை; 2013இல் ஏவப்பட்ட கையா விண்கலத்தின் பட்டைகள் மற்றொரு வகை. ஒரே விண்மீன் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு எண்ணைத் தரும். விண்மீனின் நிறத்திற்கேற்ப அவ்வேறுபாடும் மாறும். முன்னர் எளிய சமன்பாடுகளால் ஒன்றை மற்றொன்றாக மாற்றினர். இன்று இரு முறைகளிலும் அளக்கப்பட்ட விண்மீன்களைக் கணிப்பொறிக்குக் காட்டி, மாற்றும் வழியை அதுவே கற்குமாறு செய்கின்றனர். இதனையே இயந்திரக் கற்றல் என்கிறோம். ஆயினும் கற்பித்த விண்மீன்களுள் செந்நிறத்தன குறைவாயின், செந்நிற விண்மீனைக் கணிப்பொறி பிழையாகவே மதிப்பிடக்கூடும். கருவி எத்துணை வளரினும் நேர்மையாக அளந்து வைத்த பழைய எண்களே அதற்கு ஆசான்.

போக்சன் விட்டுச் சென்ற செல்வம் அத்தகைய எண்களே. தம் ஆய்வேட்டில் ஓர் அளவைக் குறிக்கும் மாணவர், அதனை நாளை ஒருவர் நம்பிப் பயன்கொள்வார் என்பதை நெஞ்சில் இருத்துவாராயின், அதுவே அவருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.