சுஃப்ரென்

பியேர் ஆந்திரே டெ சுஃப்ரென் (ஜூலை 17, 1729 – டிசம்பர் 8, 1788) பிரான்சின் புகழ்பெற்ற கடற்படைத் தளபதிகளுள் ஒருவர் ஆவார். அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்தில் இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சுக் கப்பற்படைக்குத் தலைமை தாங்கினார். 1782, 1783 ஆம் ஆண்டுகளில் சோழமண்டலக் கரையிலும் இலங்கைக் கரையிலும் பிரித்தானியத் தளபதி எட்வர்ட் ஹியூசுடன் ஐந்து கடற்போர்களை நிகழ்த்தினார். இவற்றுள் இறுதியானது ஜூன் 20, 1783 இல் கடலூர் அருகே நடந்தது. அமெரிக்கக் குடியரசின் பிறப்புக்கு வழிவகுத்த போரின் கடைசிப் பெருஞ்சமராக இது கருதப்படுகிறது.

இளமைக்காலம்

சுஃப்ரென் தென் பிரான்சில் புரோவான்சு பகுதியிலுள்ள சான்-கன்னாவில் பிரபு குடும்பமொன்றில் பிறந்தார். 1743 இல் கடற்படையில் சேர்ந்து, அடுத்த ஆண்டே தூலோன் கடற்போரில் பங்கு கொண்டார். 1747 இலும் 1759 இலும் பிரித்தானியரிடம் போர்க்கைதியாகச் சிக்கினார். மால்ட்டாத் தீவிலிருந்த புனித யோவான் வீரர் சபையின் கப்பல்களிலும் பணியாற்றினார். அச்சபையில் அவர் பெற்ற பைலி என்னும் பட்டம் பின்னாளில் அவர் பெயருடன் சேர்ந்து வழங்கியது.

அமெரிக்க விடுதலைப் போர்

வட அமெரிக்காவின் பதின்மூன்று குடியேற்றங்கள் 1776 இல் பிரித்தானியாவிடமிருந்து விடுதலையை அறிவித்தன. பிப்ரவரி 6, 1778 இல் பிரான்சு இப்புதிய அரசுடன் நட்புறவு உடன்படிக்கை செய்துகொண்டது. இதனால் குடியேற்ற நாட்டுக் கிளர்ச்சி பேரரசுகளுக்கு இடையிலான போராக விரிந்தது. அவ்வாண்டிலேயே பிரித்தானியர் புதுச்சேரியையும், 1779 இல் மாகேயையும் கைப்பற்றினர். மாகேயின் வீழ்ச்சி மைசூர் ஆட்சியாளர் ஐதர் அலியைச் சினமூட்டியது. 1780 இல் அவர் கருநாடகப் பகுதிமீது படையெடுத்தார்.

சுஃப்ரென் 1778, 1779 ஆம் ஆண்டுகளில் அமெரிக்கக் கரையிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் போரிட்டார். மார்ச் 22, 1781 இல் பிரெசுட்டுத் துறையிலிருந்து தளபதி டெ கிராசின் பெரும் கப்பற்படையுடன் ஐந்து போர்க்கப்பல்களோடு புறப்பட்டார். டெ கிராசு அமெரிக்காவை நோக்கிச் சென்று யார்க்டவுன் வெற்றிக்குத் துணைபுரிந்தார். சுஃப்ரென் நன்னம்பிக்கை முனை வழியாக இந்தியாவை நோக்கிச் சென்றார். வழியில் ஏப்ரல் 16 அன்று, வெர்டே முனைத் தீவுகளில் போர்த்துக்கேயரின் நடுநிலைத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியக் கப்பல்களைத் தாக்கினார்.

கடலூரும் சிதம்பரமும்

இக்காலத்தில் கடலூர், சிதம்பரம் வட்டாரம் போர்முனையாக இருந்தது. ஐதர் அலியின் படையினர் சிதம்பரம் கோயிலின் உயர்ந்த மதில்களைக் கோட்டையாகப் பயன்படுத்தினர். ஜூன் 1781 இல் பிரித்தானியத் தளபதி அயர் கூட் அதனைத் தாக்கித் தோல்வியுற்றார். எனினும் ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டைச் சமரில் அவர் ஐதர் அலியை வென்றார்.

பிப்ரவரி 1782 இல் தலைமைத் தளபதி தோர்வ் இறந்ததால் சுஃப்ரென் படைத்தலைமை ஏற்றார். பிப்ரவரி 17 அன்று சதுரங்கப்பட்டினம் அருகே ஹியூசுடன் முதற்சமர் நடந்தது. பின்னர் பிரெஞ்சுத் தரைப்படை பரங்கிப்பேட்டையில் இறங்கியது. அது மைசூர்ப் படையுடன் இணைந்து ஏப்ரலில் கடலூரைக் கைப்பற்றியது. புதுச்சேரியின் அரண்கள் இடிக்கப்பட்டிருந்ததால் கடலூரே பிரெஞ்சுப் படைத்தளமாயிற்று.

ஜூலை 1782 இல் கடலூர் அருகேயிருந்த பாசறையில் ஐதர் அலி சுஃப்ரெனைச் சிறப்புடன் வரவேற்றார். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் சோழமண்டலக் கரையில் கப்பல்களுக்குப் பாதுகாப்பான துறை இல்லை. ஆகவே சுஃப்ரென் ஆகஸ்ட் இறுதியில் திருகோணமலையைக் கைப்பற்றினார்.

அவர் மீதான பெருங்கண்டனம் போர்க்கைதிகள் தொடர்பானது. கைதிப் பரிமாற்றத்திற்கு அவர் எடுத்த முயற்சி பயனளிக்கவில்லை. கைதிகளுக்கு உணவளிக்க வழியின்றி அவர்களை ஐதர் அலியிடம் ஒப்படைத்தார். அவர்களுள் பலர் மைசூர்ச் சிறைகளில் துன்புற்றனர்.

கடலூர் முற்றுகை

ஐதர் அலி டிசம்பர் 1782 இல் இறந்தார். அவர் மகன் திப்பு சுல்தான் மேற்குக் கரைக்குச் சென்றார். 1783 இல் புசி பிரபு கடலூரில் பிரெஞ்சுத் தரைப்படைத் தலைமையை ஏற்றார். ஜூன் மாதம் ஜேம்சு இசுடூவர்ட்டின் பிரித்தானியப் படை நகரை முற்றுகையிட்டது. ஜூன் 13 அன்று நடந்த கடும் சண்டையில் இரு தரப்பிலும் பலர் மடிந்தனர்.

கடல்வழி எவர் கையில் உள்ளதோ, முற்றுகையின் முடிவும் அவர் கையில் என்னும் நிலை இருந்தது. சுஃப்ரெனிடம் 15 போர்க்கப்பல்களும் ஹியூசிடம் 18 போர்க்கப்பல்களும் இருந்தன. மாலுமிகள் பற்றாக்குறையை ஈடுசெய்ய, சுஃப்ரென் நகரக் காவற்படையிலிருந்து சுமார் 1,200 பேரைக் கப்பல்களில் ஏற்றினார். ஜூன் 20 அன்று நடந்த பீரங்கிச் சமரில் இரு தரப்பிலும் ஏறத்தாழ நூறு பேர் வீதம் இறந்தனர். கப்பல் எதுவும் கைப்பற்றப்படவில்லை. ஆயினும் ஹியூசு சென்னைக்குப் பின்வாங்கினார். சுஃப்ரென் அவ்வீரர்களையும் மேலும் பலரையும் நகரில் இறக்கினார். ஜூன் 25 அன்று பிரெஞ்சுப் படை கோட்டையிலிருந்து வெளிவந்து தாக்கித் தோல்வியுற்றது.

ஜூன் இறுதியில் பிரித்தானியக் கப்பல் ஒன்று சமாதானக் கொடியுடன் வந்தது. பிரான்சும் பிரித்தானியாவும் ஜனவரி 20, 1783 அன்றே முதற்கட்ட அமைதி உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்தன. கடல்வழியே செய்தி வந்து சேர ஐந்து மாதங்களுக்கு மேல் ஆனது. கடலூரில் ஜூன் மாதம் மடிந்த அனைவரும், அமைதி உடன்பாடு ஏற்பட்ட பின்னரே மடிந்தனர்.

உடன்படிக்கையின் விளைவுகள்

செப்டம்பர் 3, 1783 இல் பாரிசு உடன்படிக்கை அமெரிக்காவின் விடுதலையை உறுதிசெய்தது. அன்றே கையெழுத்தான வெர்சாய் உடன்படிக்கையின்படி புதுச்சேரியும் காரைக்காலும் பிரான்சுக்கு மீண்டன. கடலூர் பிரித்தானியருக்கும், திருகோணமலை ஒல்லாந்தருக்கும் திரும்பக் கிடைத்தன. சுஃப்ரென் போரிட்டுக் காத்த இடங்கள் இரண்டும் பிரான்சிடம் நிலைக்கவில்லை. பிரெஞ்சுத் துணையை இழந்த திப்பு சுல்தான் தனித்துப் போரைத் தொடர்ந்து, மார்ச் 1784 இல் மங்களூர் உடன்படிக்கை செய்துகொண்டார்.

இறுதிக்காலம்

1784 இல் பிரான்சு திரும்பிய சுஃப்ரெனுக்குப் பெரும் வரவேற்பு அளிக்கப்பட்டது. அவருக்கெனவே துணைக் கடற்படைத் தலைவர் பதவி ஒன்று புதிதாக உருவாக்கப்பட்டது. 1788 இல் பாரிசில் இறந்தார். நோயால் இறந்தார் என்றும், தனிச்சண்டையில் பட்ட காயத்தால் இறந்தார் என்றும் இருவேறு கூற்றுகள் உள்ளன. பிரெஞ்சுப் புரட்சியின்போது 1793 இல் அவரது கல்லறை சிதைக்கப்பட்டது. பிற்காலத்தில் பிரெஞ்சுக் கடற்படை பல கப்பல்களுக்கு அவரது பெயரைச் சூட்டியது. 2020 இல் அக்கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்ட அணுவாற்றல் நீர்மூழ்கிக் கப்பலும் அவற்றுள் ஒன்றாகும்.