வளைந்த விரல்களால் பார்வை தந்த டாக்டர்

எட்டயபுரம் பக்கத்தில் வடமலாபுரம் என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு விவசாயியின் மூத்த மகனாக 1918-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி வெங்கடசாமி பிறந்தார்.

ஊர்ப் பள்ளியில் காகிதம், பென்சில் கிடையாது. பிள்ளைகள் ஆற்று மணலைப் பரப்பி, அதில் விரலால் எழுதிப் படித்தார்கள்.

உறவுப் பெண்கள் மூன்று பேர் பிரசவ காலத்தில் இறந்தார்கள். அது வெங்கடசாமியின் மனதை உலுக்கியது. பிரசவ டாக்டர் ஆவது என்று உறுதி கொண்டார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து 1944-ல் டாக்டர் ஆனார். பட்டாளத்தில் சேர்ந்தார்.

முடக்கிய நோய்

முப்பது வயதில் முடக்குவாதம் தாக்கியது. பட்டாள வேலை போயிற்று. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். கை விரல்கள் வளைந்து கோணிவிட்டன. பிரசவம் பார்க்கும் ஆசை அதோடு முடிந்தது.

ஆனால் அவர் மனம் தளரவில்லை. கண் வைத்தியம் படித்தார். கத்தி பிடிக்கக் கையைப் பழக்கினார். கோணிய விரலுக்கு ஏற்றபடி கருவிகளும் செய்துகொண்டார். அந்தக் கையால் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கண் ஆபரேஷன்களைச் செய்தார்!

1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் பிரிவின் தலைவர் ஆனார். கிராமம் கிராமமாகக் கண் முகாம் நடத்தினார். 1973-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

1976-ல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்ந்து உட்காரவில்லை. மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். வசதி உள்ளவர் பணம் கொடுத்தார், ஏழைக்கு இலவசம். தங்கை, தம்பி, அவர்கள் குடும்பத்தார் எல்லோரும் கூட உழைத்தார்கள்.

சாய்ந்து தெரியும் உலகம்

விருதுநகர், சிவகாசி வட்டாரத்துக்கு மதுரை பக்கம். தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளர்களுக்குக் கண்தானே மூலதனம்!

தலையில் பலத்த அடிபட்டால், கண்ணை அசைக்கும் தசை ஒன்று செயல் இழப்பது உண்டு. அப்போது விழி தன் அச்சில் சுழன்று நிற்கும். ஒரு பொருள் இரண்டாகவும், அதில் ஒன்று சாய்ந்தும் தெரியும். படி இறங்கக் கால் தடுமாறும். இந்தச் சாய்வைக் கண்ணாடி போட்டுச் சரி செய்ய முடியாது.

இதற்கு 1964-ல் ஜப்பானைச் சேர்ந்த ஹராடா, இடோ என்ற டாக்டர்கள் ஓர் ஆபரேஷனை வெளியிட்டார்கள். தசை நாணின் முன்பகுதியை மட்டும் இடம் மாற்றி இறுக்கினால், விழி நேராகத் திரும்பும். பின்னால் இன்னொரு வசதியும் வந்தது. தையலை முதலில் அவிழ்க்கக்கூடிய முடிச்சாகப் போடுவார்கள். மயக்கம் தெளிந்ததும் நோயாளியைப் பார்க்கச் சொல்வார்கள். கோடு சாய்வாகத் தெரிந்தால் தையலை இறுக்குவார்கள், அல்லது தளர்த்துவார்கள். நேராகத் தெரிந்த பிறகே நிரந்தர முடிச்சு!

வெங்கடசாமி தொடங்கிய ஆஸ்பத்திரியில் மாறுகண்ணுக்கும் சிகிச்சை தருகிறார்கள். குழந்தைக்கு மாறுகண் இருந்தால் அதிர்ஷ்டம் என்று சும்மா இருந்துவிடக் கூடாது. காலம் கடத்தினால் அந்தக் கண்ணின் பார்வையே மங்கிவிடலாம்.

வெங்கடசாமி திருமணம் செய்துகொள்ளவில்லை. 2006-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி, 87-வது வயதில் மதுரையில் காலமானார். 11 படுக்கைகளோடு தொடங்கிய ஆஸ்பத்திரி, அதற்குள் தேனி, நெல்லை, கோவை, புதுச்சேரி என்று பல ஊர்களில் கிளை விட்டிருந்தது.