சுவரோரத்து மேசை

கலைஞர் ஒருவரை நினைக்குங்கால் அவர் பெற்ற பரிசையே முதலில் நினைப்பது உலக வழக்கம். அமெரிக்க நடிகை ஹற்றி மக்டானியலை எண்ணும்போதெல்லாம் என் மனக்கண்முன் தோன்றுவது பரிசன்று. அதனைப் பெறுமுன் அவர் அமர்ந்திருந்த இடமே.

கன்சாஸ் மாநிலத்து விச்சிற்றா நகரில் 1893ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தையார் அடிமையாகப் பிறந்து, உள்நாட்டுப் போரில் வடபுலப் படையிற் சேர்ந்து போரிட்டவர். வறுமை நிறைந்த வீட்டின் கடைக்குட்டி ஹற்றி. டென்வர் நகரில் வளர்ந்து, இளம்பருவத்திலேயே பாட்டும் நகைச்சுவையுமாக மேடையேறி, நாடகக் குழுக்களுடன் ஊரூராய்த் திரிந்தார். 1929இல் பங்குச் சந்தை சரிந்தது. மேடைத் தொழிலும் சரிந்தது. மில்வோக்கி நகரத்து இரவு விடுதியொன்றிற் கழிவறைப் பணிப்பெண்ணாய் அமர்ந்தவர், பின்னர் அவ்விடுதியிலேயே பாடகியானார்.

1931இல் லொஸ் ஏஞ்சல்ஸ் சென்றார். படவாய்ப்பு இல்லாத நாட்களிற் பிறர் வீடுகளில் வேலை செய்தார்; வாய்ப்புக் கிடைத்த நாட்களில் திரையிலும் வேலைக்காரியாகவே தோன்றினார். 1939இல் வெளிவந்த 'கோன் வித் த விண்ட்' படத்தில் ஏற்ற 'மாமி' என்னும் பாத்திரம் அவர் புகழை நிலைநாட்டியது. எனினும் அற்லாண்டாவில் நிகழ்ந்த முதற் காட்சிக்கு அவரால் செல்ல இயலவில்லை. இனப் பிரிவினைச் சட்டம் தடுத்தது.

1940 பெப்ரவரி 29ஆந் திகதி இரவு, கறுப்பினத்தவரை விருந்தினராய் ஏற்காத அம்பாசடர் ஹோட்டலில் ஒஸ்கார் விழா நடைபெற்றது. சிறப்பு அனுமதியின் பேரில் உள்ளே வந்த ஹற்றி, உடன் நடித்தோரிடமிருந்து விலகி, சுவரோரத்து மேசையொன்றில் அமர்த்தப்பட்டார். அங்கிருந்தே எழுந்து சென்று, சிறந்த துணை நடிகைக்கான பரிசைப் பெற்றார். ஒஸ்கார் பெற்ற முதற் கறுப்பினக் கலைஞர் அவரே.

பணிப்பெண் வேடங்களையே ஏற்று இனத்துக்கு இழுக்குத் தேடுகிறார் என அவர் இனத்தவர் சிலரே கண்டித்தனர். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணினேன். பின்னர் 1945ஆம் ஆண்டு வழக்கைப் பற்றி அறிந்தேன். கறுப்பினத்தவர் குடியிருத்தலாகாது என்னும் பழைய உடன்படிக்கையைக் காட்டி, வெள்ளை அயலவர் நீதிமன்றம் சென்றனர். ஹற்றி பின்வாங்கவில்லை, தம்மவரைத் திரட்டி எதிர்த்து நின்றார். வழக்குத் தள்ளுபடியாயிற்று. திரையில் எசமானர் வீட்டைக் காத்தவர், வாழ்வில் தம் வீட்டையும் தம்மவர் வீடுகளையும் காத்தார். என் கண்டனம் அன்றே கரைந்தது.

1952 ஒக்டோபர் 26இல் புற்றுநோயால் மறைந்தார். ஹொலிவூட் மயானத்தில் துயில விரும்பினார். நிறங் கருதி அதுவும் மறுக்கப்பட்டது. 1999இல் அங்கு அவருக்கு நினைவுக்கல் எழுந்தது. ஹவார்ட் பல்கலைக்கழகத்துக்கு அவர் உரித்தாக்கிய பரிசுப் பட்டயம் காணாமற்போக, 2023இல் புதியதொன்று வழங்கப்பட்டது.

கல்லும் வந்தது, பட்டயமும் வந்தது. ஆயினும் அன்றிரவு அவருக்கு மறுக்கப்பட்ட நாற்காலியை இனி எவரால் கொடுக்க முடியும்?