கோகலேயும் வாலிபர் தொண்டும்

வாலிபர் இல்லாத சமூகம் எங்கும் இல்லை. வாலிபரை நம்பி ஒரு காரியத்தை ஒப்புவிக்கும் பெரியோர் இல்லாத சமூகங்களோ பலவாம். விழாக் காலங்களிலே பந்தல் போடவும் தோரணம் கட்டவும் இளைஞரை அழைக்கின்றோம். பள்ளிக்கூடம் நடத்துதல், பொதுப்பணத்துக்குக் கணக்கு வைத்தல் முதலிய காரியங்கள் வரும்போது அநுபவம் போதாதென்று ஒதுக்கிவிடுகின்றோம். பொறுப்பை ஏற்றாலன்றி அநுபவம் வருவதெங்ஙனம்? இதனை நன்குணர்ந்து நடந்த கோபால கிருஷ்ண கோகலேயின் சரித்திரத்தை அன்பர்கள் அறிதல் நலமெனக் கருதி ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

கோகலே 1866-ம் வருஷம் மே மாதம் 9-ந் தேதி, பம்பாய் மாகாணத்து ரத்னகிரி ஜில்லாவில் கோத்லுக் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். தமையனார் கோவிந்தராவ் தமது படிப்பை நிறுத்தி 15 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்து, அதில் 8 ரூபாயை மாதந்தோறும் தம்பியின் படிப்புக்கு அனுப்பி வந்தார். ஒருவன் முன்னேற மற்றொருவன் விட்டுக்கொடுத்தல் வேண்டுமென்னும் பாடத்தைக் கோகலே வீட்டிலேயே கற்றாரெனலாம். 1884-ல், பதினெட்டாம் வயதிலே, பி. ஏ. பட்டம் பெற்றார். பொருள் தரும் உத்தியோகங்களை நாடாது, புனாவில் டெக்கான் கல்விச் சங்கத்திற் சேர்ந்து, சொற்ப ஊதியத்தில் 1902 வரை ஆசிரியராய் உழைத்தார்.

புனாவில் அவருக்கு வாய்த்த குரு மகாதேவ கோவிந்த ரானடே. இவர் அரசாங்க அறிக்கைகளையும் வரவுசெலவுப் புள்ளிகளையும் நுணுகி ஆராயும் முறையைக் கோகலேக்குப் பயிற்றினார். பயிற்றியதோடு நில்லாது வேலையும் தந்தார். 1890-ல் சார்வஜனிக சபையின் காரியதரிசிப் பதவி அவ்வாலிபரைச் சேர்ந்தது. சபையின் பத்திரிகையை நடத்தும் பொறுப்பும் அவருடையதாயிற்று.

ஆராயாத ஆர்வத்தின் தீங்கையும் கோகலே தாமே அநுபவித்தார். 1897-ல் அவர் இங்கிலாந்திலிருந்தபோது, புனாவில் பிளேக் சோதனைக்கு வந்த சிப்பாய்கள் பெண்களிடம் முறைகேடாய் நடந்தனரென்று நண்பர்கள் கடிதம் எழுதினர். அதனை நம்பி அங்குள்ள பத்திரிகைக்குத் தெரிவித்தார். திரும்பியபின் அக்குற்றச்சாட்டை நிரூபிக்க இயலாது போகவே, பகிரங்கமாய் மன்னிப்புக் கேட்டார். பலர் பழித்தனர், எனினும் அவர் பொதுவாழ்வை விட்டு விலகவில்லை.

1905-ம் வருஷம் ஜூன் 12-ந் தேதி, மூன்று தோழருடன் புனாவில் இந்திய ஊழியர் சங்கத்தை அவர் நிறுவினார். சேர்வோர் ஐந்து வருஷம் பயிற்சி பெறவேண்டும். ஜாதி மத பேதமின்றி இந்தியர் அனைவரையும் சகோதரராய்ப் பாவித்தல், சங்கம் தருவதைக் கொண்டு திருப்தியடைதல், சொந்தப் பூசலில் இறங்காமை முதலிய விரதங்களை ஏற்கவேண்டும். ஆர்வத்தோடு வருவோரை முதலில் கற்கச் செய்தல், கற்றபின் காரியத்தை அவர் கையிலே விடுதல் என்பதே அவர் கண்ட முறை.

அதன் பயன் விரைவிலே தெரிந்தது. முதல் அங்கத்தினருள் ஒருவரான தேவதர், 1909-ல் ரமாபாய் ரானடே அம்மையாருடன் புனா சேவாசதனத்தைத் தொடங்கிப் பெண்களின் கல்விக்கு உழைத்தார். என். எம். ஜோஷி 1911-ல் பம்பாயில் சமூக ஊழியச் சங்கம் கண்டு, தொழிலாளருக்கு இராப் பள்ளிகளும் வாசகசாலைகளும் அமைத்தார். நம் நாட்டு வலங்கைமானிற் பிறந்த வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார், திருவல்லிக்கேணியில் தாம் வகித்த தலைமையாசிரியர் பதவியைத் துறந்து 1907-ல் அவரை அடைந்தார். தேவதரும் ஜோஷியும் கண்ட ஸ்தாபனங்களில் ஒன்றற்கேனும் கோகலேயின் பெயர் இடப்படவில்லை. வேலை செய்தவர்க்கே பெயரும் பொறுப்பும் உரியவாயின.

கட்டாய ஆரம்பக் கல்விக்கென 1911-ல் அவர் கொண்டுவந்த மசோதா மறு வருஷம் தோல்வியுற்றது. 1915-ம் வருஷம் பிப்ரவரி 19-ந் தேதி, தமது 48-ம் வயதில் அவர் காலமானார். சாஸ்திரியார் சங்கத்தின் தலைவரானார். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் ஹரித்வாரக் கும்பமேளாவில் யாத்திரிகருக்குத் தொண்டு புரியச் சங்கத்தின் தொண்டர் படை சென்றது. அதற்குத் தலைவர் இருபத்தேழு வயதினரான ஹிருதயநாத குன்ஸ்ரு. தலைவர் மறைந்தும் வேலை நில்லாமையே அவரது முறைக்குத் தக்க சான்றாகும்.

அன்பர்களே! நம் கிளைச் சங்கம் ஒவ்வொன்றும் உள்ளூர் வாலிபரிடம் ஒரு காரியத்தை முழுதும் ஒப்புவிக்குமாக. வாசகசாலையாயினும் குளம் தூர்வாருதலாயினும் ஆகுக. பணமும் கணக்கும் அவர் கையிலிருக்கட்டும்; பெரியோர் கேட்டபோது யோசனை சொல்லி, வருஷ முடிவிற் கணக்கைப் பார்த்தல் போதும். பிழை நேரின் திருத்துவோம், பறித்துக்கொள்ளோம். அவ்வாசகசாலையின் கதவு நம்மவர்க்கு மட்டுமன்றி ஊரார் அனைவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும். ஜாதியின் பெயராற் கூடிய நாம் ஊருக்குப் பயன்பட்டாலன்றி, நாம் கூடியதனாற் பெருமை யாதுளது? தம்பிக்கு 8 ரூபாய் அனுப்பிய தமையனாரையும், இளைஞருக்கு வேலை தந்த ரானடேயையும் ஒத்த பெரியோர் நம்மில் மிகுவாராயின், கோகலேயை ஒத்த வாலிபர் தோன்றுதல் அரிதன்று.