பிள்ளை பார்ப்பதும் ஒரு படிப்பு

சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என்ன படிப்பு வேண்டிக்கிடக்கு, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தப்பு என்று காட்டிய மரியா மாண்டிசோரி அம்மையாரைப் பற்றி எழுதுகிறேன்.

இவர் 1870 ஆகஸ்ட் 31-ல் இத்தாலியில் பிறந்தார். டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் படிக்க விடவில்லை. எல்லாரும் போன பிறகு தனியாக நின்று படித்து, 1896-ல் டாக்டர் ஆனார்.

1907 ஜனவரி 6-ல் ரோம் நகரின் ஏழைகள் வாழும் பகுதியில் ஒரு குழந்தைகள் இல்லம் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குப் போனபின் கவனிக்க ஆளில்லாமல் திரிந்த 50 பிள்ளைகளுக்கு மேல் அங்கே வந்தார்கள். பார்த்துக்கொள்ள வந்த பெண்ணுக்கு ஆசிரியப் பயிற்சி கிடையாது. பிள்ளைகளின் வேலையில் குறுக்கிடாமல் கவனிக்க வேண்டும் என்று அம்மையார் அவரைப் பழக்கினார்.

ஒரு தடவை சுமார் 3 வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டைகளைக் குழிகளில் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். அம்மையார் மற்றப் பிள்ளைகளைப் பாட வைத்தார். அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவள் அசையவே இல்லை! 40 தடவைக்கு மேல் செய்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? சும்மா விளையாடுகிறாள் என்று நடுவிலேயே கூப்பிட்டிருப்போம். பாசம் மட்டும் இருந்தால் போதாது, கவனிக்கவும் தெரிய வேண்டும் என்று எனக்கு இதில்தான் புரிந்தது.

அதற்காகவே அம்மையார் 1909-ல் பயிற்சி வகுப்பு தொடங்கினார். சுமார் 100 பேர் சேர்ந்தார்கள். பயிற்சிக்கு வருபவர்கள் பாடம் கேட்க வேண்டும். பேசாமல் உட்கார்ந்து பிள்ளைகளைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு கருவியைப் பற்றியும் நோட்டில் எழுத வேண்டும். எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு இரண்டும் உண்டு. அப்புறம்தான் சான்றிதழ்.

1939-ல் தமது 69-ஆவது வயதில் நம் சென்னை அடையாறுக்கே வந்தார். சுமார் 300 பேர் பயிற்சிக்கு வந்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மரியோ ஆங்கிலத்தில் சொன்னார். 1940-ல் இத்தாலி போரில் சேர்ந்ததும் ஆங்கில அரசு மரியோவைக் காவலில் வைத்தது. அம்மையாரின் 70-ஆவது பிறந்தநாளில்தான் விட்டது. அவ்வளவு கஷ்டத்திலும் அவர் பயிற்சியை விடவில்லை. பிறகு கொடைக்கானலிலும் இருந்தார். 1952 மே 6-ல் நெதர்லாந்தில் காலமானார்.

அங்கன்வாடி டீச்சரைப் பார்த்து, பிள்ளை மேய்க்கிற வேலைதானே என்று இனி யாராவது சொன்னால், நீங்கள் இந்த அம்மையாரின் கதையைச் சொல்லுங்கள். வீட்டில் தம்பி தங்கை ஏதாவது செய்துகொண்டிருந்தால், கூப்பிடுவதற்கு முன்னால் பத்து நிமிஷம் சும்மா பாருங்கள்.

- 9-ஆம் வகுப்பு மாணவி