உடையவருக்கு யார் சமைப்பது?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு எங்க டீம் செஞ்சது, டிபார்ட்மென்ட் வாசலில் நின்னு வர்றவங்களுக்கு வழி சொல்ற ஒரு சின்ன ரோபோ. ஜூனியர் பசங்க ரெண்டு பேர் அதுகிட்ட போய், இன்னைக்கு லேப் லீவுன்னு சொல்லிட்டாங்க. அது அப்படியே நம்பி, வந்தவங்களுக்கெல்லாம் அதையே சொல்லிக்கிட்டு இருந்தது. ரிவ்யூவில் கேள்வி வந்தது: யார் சொல்வதை நம்பலாம்னு இதுக்கு எப்படித் தெரியும்? நாங்க நாலு பேரும் தரையைப் பார்த்தோம்.

அந்த வாரம் பாட்டியோட ஸ்ரீரங்கம் போயிருந்தேன். உடையவர் சந்நிதியில் நிற்கும்போது பாட்டி ஒரு சமையல்காரர் கதை சொன்னாங்க. இங்கிலீஷ் மீடியத்தில் படிச்ச எனக்கு ராமானுஜர்னா மேலே ஏறி மந்திரம் சொன்னவர், அவ்வளவுதான் தெரியும். வீட்டுக்கு வந்து அவர் வாழ்க்கையை முழுசா படிச்சேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போறேன்.

1017ல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தார், 1137ல் ஸ்ரீரங்கத்தில் மறைந்தார் என்பது குருபரம்பரை நூல்களின் கணக்கு. 120 வருஷம். ஆய்வாளர்கள் பலர் இதை அப்படியே ஏற்பதில்லை. நான் சொல்வது அந்த நூல்களும் கோயிலும் சொல்லும் வாழ்க்கை.

சின்ன வயசில் காஞ்சிபுரம் பக்கம் யாதவப்பிரகாசர் என்ற பெரிய ஆசிரியரிடம் படித்தார். பாடத்தில் குருவுக்கும் மாணவனுக்கும் அடிக்கடி கருத்து மோதல். கடைசியில் குருவே, காசி யாத்திரை என்று கூட்டிக்கொண்டு போய் கங்கையில் இவரை மூழ்கடித்துவிடத் திட்டம் போட்டார். கூடவே வந்த தம்பி முறை உறவினர் கோவிந்தன் விஷயத்தைக் காதில் போட, ராமானுஜர் விந்தியக் காட்டில் பாதி வழியிலேயே தப்பித்தார்.

இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்க. 2019ல் வெளிவந்த ஒரு ஆய்வில் பெப்பர் என்ற ரோபோவுக்கு, குழந்தைகளுக்கு வைக்கும் ஸ்டிக்கர் விளையாட்டையே வைத்தார்கள். ஸ்டிக்கர் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒருத்தர் எப்போதும் சரியாகக் காட்டுவார், இன்னொருத்தர் எப்போதும் ஏமாற்றுவார். யாரை நம்பலாம் என்று ரோபோ பழகிக்கொள்கிறது. புது ஆள் வந்தால், பழைய அனுபவத்தை வைத்து அவரை எடைபோடுகிறது. ஏமாற்றுக்காரர்கள் நடுவில் வளர்ந்த ரோபோ புது ஆளையும் சந்தேகப்படும். அந்தக் கணக்குப்படி, கொல்லப் பார்த்த குருவிடமிருந்து தப்பி வந்த பையன் அதற்கப்புறம் எந்த ஆசிரியர் பக்கமும் போயிருக்கக் கூடாது.

ஆனா அவர் வாழ்நாள் முழுக்க ஆசிரியர்களைத் தேடித்தான் போனார். பெரிய நம்பி, திருக்கச்சி நம்பி, திருமலை நம்பி என்று வரிசையே இருக்கு. யாதவப்பிரகாசரே பிற்காலத்தில் வந்து கோவிந்த ஜீயர் என்ற பெயரில் இவருக்குச் சிஷ்யராகச் சேர்ந்தபோது, அவரையும் ஏற்றுக்கொண்டார். எங்க கோடில் ஒருத்தர் ஸ்கோர் பூஜ்யத்துக்குப் போனா திரும்ப ஏறவே வழி கிடையாது. அதை நாங்க பெருமையா வேற எழுதி வெச்சிருந்தோம்.

துறவியாகி ஸ்ரீரங்கம் வந்த பிறகு திருக்கோஷ்டியூர் நம்பியிடம் ரகசியப் பொருள் கேட்கப் போனார். திருச்சியிலிருந்து இன்னைக்கு பஸ்ஸில் போனாலே ரெண்டு மணி நேரம் ஆகும் ஊர் அது. நடந்து போனார், திருப்பி அனுப்பினார்கள். மறுபடி போனார். பதினெட்டாவது தடவைதான் நம்பி சொல்லிக்கொடுத்தார், அதுவும் வேறு யாருக்கும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு. அடுத்து நடந்தது உங்களுக்கே தெரியும். உயரத்தில் ஏறி எல்லோருக்கும் சொல்லிவிட்டார். கூப்பிட்டுக் கேட்டபோது, நான் ஒருத்தன் நரகம் போய் இத்தனை பேர் பிழைத்தால் போதும் என்ற பொருளில் பதில் சொன்னார். நம்பி கோபம் தணிந்து எம்பெருமானார் என்று அழைத்து அணைத்துக்கொண்டார். பதினேழு தடவை வடிகட்டியும் நம்பி கணித்தது தப்பாப் போச்சு. ஆனா தப்பாப் போனது நல்லதுதான்னு அவருக்கே தோணியிருக்கு.

உறையூர்க்காரர் உறங்காவில்லி கதையும் திருச்சிக்காரங்களுக்குத் தெரிஞ்சதுதான். மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் மயங்கி, ஆற்று மணலில் அவளுக்குக் குடை பிடித்து நடந்த மல்லன். ராமானுஜர் அவரை ரங்கநாதர் முன்னால் நிறுத்தி, அதைவிட அழகான கண்ணைக் காட்டினார். இருவரும் சிஷ்யர்கள் ஆனார்கள். குளித்துவிட்டு வரும்போது ராமானுஜர் உறங்காவில்லியின் கையைப் பிடித்து வருவது மற்ற சிஷ்யர்களுக்கு உறுத்தியது. அவர் ஒண்ணும் விளக்கவில்லை. ஒரு ராத்திரி அவர்கள் காயப்போட்டிருந்த துணிகளில் கொஞ்சம் கிழித்துவைக்கச் சொன்னார். காலையில் மடமே சண்டைக்களம். அப்புறம் அதே சிஷ்யர்களை, தூங்கும் பொன்னாச்சியின் நகையைக் கழற்றி வர அனுப்பினார். அவள் விழித்துத்தான் இருந்தாள். ஒரு பக்கத்து நகை போனதும், மறுபக்கமும் எடுத்துக்கொள்ளட்டும் என்று புரண்டு படுத்தாள். இவர்கள் பயந்து ஓடிவந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த உறங்காவில்லி, புரண்டு காரியத்தைக் கெடுத்துவிட்டாயே என்று அவளைத்தான் கடிந்துகொண்டார். ஒளிந்து நின்று கேட்டதை அவர்கள் மடத்தில் வந்து ஒப்பித்தார்கள். ரெண்டு தரப்புக்கும் ஒரே மாதிரி இழப்பு, ரெண்டு தரப்புக்கும் அது சோதனை என்றே தெரியாது. எங்க லேப் மேனுவலில் இவ்வளவு சுத்தமான செட்டப் நான் பார்த்ததில்லை.

இப்போ பாட்டி சொன்ன கதைக்கு வர்றேன். ராமானுஜர் கோயில் நிர்வாகத்தை ஒழுங்குபடுத்தினார். யார் எந்த வேலை செய்வது என்பதையெல்லாம் வரையறுத்தார். பழைய ஏற்பாட்டில் வசதியாக இருந்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. அதில் ஒருத்தர், பிச்சைக்கு வரும்போது சோற்றில் விஷம் வைக்கும்படி தன் மனைவியிடம் சொன்னார். அந்தம்மாவால் புருஷன் பேச்சைத் தட்டவும் முடியவில்லை, விஷம் போடவும் மனசில்லை. சோற்றைப் போட்டுவிட்டு, வழக்கமில்லாமல் கண்ணீரோடு காலில் விழுந்தாள். ராமானுஜருக்குப் புரிந்தது. அந்தச் சோற்றை அவர் சாப்பிடவில்லை.

கை ஒண்ணு சொல்லுது, உடம்பு வேற சொல்லுது. எங்க ரோபோவா இருந்தா, உணவு பெறப்பட்டது, நன்றின்னு சொல்லியிருக்கும். கேமரா வெச்சு முகத்தைப் படிக்க வைக்கலாமேன்னு நீங்க கேட்கலாம். மனுஷங்களே பொய்யைக் கண்டுபிடிப்பதில் சராசரியா 54 சதவீதம்தான் சரியாகச் சொல்றாங்க என்று 2006ல் பாண்ட், டிபாலோ இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். காசு சுண்டிப் போடுவதைவிடக் கொஞ்சம் மேல். அந்த அம்மாவைக் காட்டிக்கொடுத்தது முகமில்லை. தினமும் செய்யாத ஒண்ணை அன்னைக்குச் செய்தாள். தினமும் என்ன செய்வாள் என்று தெரிந்திருந்ததால்தான் அவருக்குப் பிடிபட்டது.

அதற்கப்புறம் ராமானுஜர் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார். செய்தி கேட்டு, வயதான திருக்கோஷ்டியூர் நம்பி புறப்பட்டு வந்தார். வரவேற்க ராமானுஜர் சிஷ்யர்களோடு காவேரிக்குப் போனார். உச்சி வெயில். சித்திரை வைகாசியில் அந்த மணலில் செருப்பில்லாம நின்னு பார்த்தவங்களுக்குத் தெரியும். குருவைக் கண்டதும் ராமானுஜர் அந்த மணலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். குரு எழுந்திரு என்று சொன்னால்தான் எழ வேண்டும். நம்பி சொல்லவில்லை, பேசாமல் நின்றார். உடம்பு வெந்துகொண்டிருக்கிறது. மற்ற சிஷ்யர்கள் எல்லோரும் முறை தெரிந்தவர்கள், குருவுக்குக் குருவிடம் குறுக்கே பேசலாமா என்று தவித்தபடி நின்றார்கள். கிடாம்பி ஆச்சான் மட்டும் முறையாவது ஒண்ணாவது என்று பாய்ந்து ராமானுஜரை வாரி எடுத்தார். இதென்ன கொடுமை என்று நம்பியையே கேட்டுவிட்டார்.

நம்பி அதற்காகத்தான் காத்திருந்தார். இப்படி ஒருத்தரைத்தான் தேடி வந்தேன், இனி நீயே இவருக்குச் சமைத்துப் போடு என்று சொல்லிவிட்டார். அன்றுமுதல் ராமானுஜரின் மடைப்பள்ளி கிடாம்பி ஆச்சான் கையில்.

இதில் எனக்கு ஒரு நெருடல் இருக்கு. தெரியாத சோதனைக்காக ஒருத்தர் உடம்பைச் சுட வைக்கலாமா? எங்க காலேஜில் இப்படி ஒரு எக்ஸ்பெரிமென்ட்டுக்கு அனுமதி கேட்டா துரத்திவிடுவாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, அங்கே நின்ற ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு, உனக்கு ராமானுஜர் மேல் அக்கறை உண்டா என்று கேட்டிருந்தால் எல்லோரும் உண்டு என்றுதான் சொல்லியிருப்பார்கள். அது பொய்யும் இல்லை.

பிறகு சோழ மன்னன் ஒருவனின் சபையிலிருந்து ஆள் வந்தது. எந்த மன்னன் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. சிவனே மேலான தெய்வம் என்று ராமானுஜர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். சிஷ்யர் கூரத்தாழ்வான் காவி உடுத்தி, திரிதண்டம் எடுத்து, நான்தான் ராமானுஜர் என்று போய் நின்றார். அவருடைய வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு உண்மையான ராமானுஜர் மேற்கே தப்பிப் போய் மேல்கோட்டை சேர்ந்தார். சபையில் கூரத்தாழ்வானின் கண்கள் போயின. கூடப்போன முதியவர் பெரிய நம்பியின் கண்களும் போயின, அவர் திரும்பும் வழியிலேயே உயிர் விட்டார்.

முகம் அடையாளம் காணும் கேமராவோடு எங்க ரோபோ அந்த வாசலில் நின்றிருந்தா, இவர் அவர் இல்லைன்னு ஒரு செகண்டில் சொல்லியிருக்கும். சரியான பதில்தான். அடுத்த ரிவ்யூவுக்கு நாங்க அந்தக் கேமராவைத்தான் வாங்குறதா இருந்தோம். இப்போ அதுக்குப் பதிலா, வழக்கத்துக்கு மாறா ஏதாவது கேட்டா உடனே நம்பாம, டிபார்ட்மென்ட்டில் தினமும் இருக்கிற அட்டெண்டர் அண்ணாகிட்ட ஒரு வார்த்தை கேட்கும்படி எழுதிக்கிட்டு இருக்கோம்.

பன்னிரண்டு வருஷம் கழித்து ராமானுஜர் ஸ்ரீரங்கம் திரும்பினார். கண்ணில்லாத கூரத்தாழ்வான் அவர் முன்னால் வந்து நின்றார்.